களை எடுக்கும் மாதத்தில் வந்தவர்கள்

"கொரிய முதியவர்கள் நாற்பத்தொரு பேரில் முப்பத்துமூன்று பேர் ஒத்துழைக்க மறுத்துவிட்டனர்." எங்களைப் பற்றி இப்படித்தான் எழுதியிருந்தார்கள். மறுத்தோமாம். கேட்டால்தானே ஐயா மறுப்பதற்கு!

அது நவம்பர் மாதம். வெங்காயத்தை விற்று முடித்து ஊர் திரும்பி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. எங்கள் ஊர் மருத்துவ நிலையத்து நர்ஸ் ரௌஷன், மிரா அக்காவுக்கு ஆள் அனுப்பினாள். ரௌஷன் கசாக்கியப் பெண், தங்கமான மனுஷி. முட்டிவலிக்குக் களிம்பு வாங்க நானும் கூடப் போனேன். மேசையில் ஒரு கடிதத்தை விரித்து வைத்துக்கொண்டு, படிப்பதா வேண்டாமா என்று எங்கள் முகத்தையே பார்த்தாள் ரௌஷன்.

"படி தாயி," என்றாள் மிரா அக்கா. "எங்களப் பத்தி வந்த மொதக் காகிதமா இது?"

விஷயம் இதுதான். அல்மாட்டியிலிருந்து ஒரு குழு, வயதானவர்களின் ஞாபகசக்தியைப் பற்றி நான்கு வருட ஆய்வு நடத்துகிறது. அதில் சேர்ந்தவர்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூளை டாக்டரே வீட்டுக்கு வந்து பார்ப்பார், மாத்திரையும் கொடுப்பார். 'இதுவரை எந்த ஆய்விலும் இடம்பெறாத சமூகங்களைச் சேர்த்துக்கொள்வதே எங்கள் நோக்கம்' என்று கடிதத்தின் தலையிலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அந்தச் சமூகம் நாங்கள்தான். எங்களைச் சேர்த்துக்கொள்ள அவர்கள் ஜூன் மாதத்தில் மூன்று முறை வந்தார்கள். மூன்று முறையும் வீடுகள் பூட்டியிருந்தன. மூன்று முறை கதவு திறக்காவிட்டால் 'மறுப்பு' என்று எழுத வேண்டும் என்பது அவர்கள் விதி. எழுதிவிட்டார்கள்.

வீட்டில் இருந்த எட்டுப் பேரை மட்டும் சோதித்திருக்கிறார்கள். அந்த எட்டுப் பேர் யார்? எழுந்து நடக்க முடியாததால் வயலுக்கு வராமல் ஊரில் கிடப்பவர்கள். அவர்களில் ஏழு பேர் சோதனையில் தேறவில்லை. ஆக, கொரியக் கிழங்களுக்கு ஞாபகமும் இல்லை, மரியாதையும் தெரியாது என்று அறிக்கை தயார்.

ஜூன் மாதத்தில் எங்கள் ஊருக்கு வந்து கொரியனைத் தேடுகிறவனை என்னவென்று சொல்வது? நாங்கள் மார்ச்சில் கிளம்பினால் அக்டோபரில் திரும்புகிறவர்கள். எங்காவது நிலம் குத்தகைக்குப் பிடித்து, பாலிதீன் குடிசை போட்டு, கூட்டமாகத் தங்கி வெங்காயமும் தர்ப்பூசணியும் விளைவிப்போம். கோபோன்ஜி என்று அதற்குப் பெயர். அப்பன் செய்தான், நாங்கள் செய்கிறோம். எழுபது வயதில் ஒருவன் போகாமல் வீட்டில் இருந்தால், அவனுக்கு என்ன நோய் என்று விசாரிப்போம். ஜூன்தான் வெங்காயத்துக்குள் களை மண்டும் மாதம். அதை விட்டுவிட்டுக் கதவைத் திறக்க எவன் ஊருக்கு வருவான்? ரௌஷன் அவர்களிடம் சொல்லியிருக்கிறாள், குளிர்காலத்தில் வாருங்கள் என்று. குளிர்காலத்தில் ரோடு வழுக்குமாம்.

மிரா அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "எங்க வீட்டுக்காரரு பேருக்கு நேரா என்ன போட்டிருக்கு?"

ரௌஷன் தலையைக் குனிந்துகொண்டு, "மறுப்புன்னுதான் அக்கா," என்றாள்.

"அவரா மறுத்தாரு? நாலு வருஷமா அந்த மனுஷன் எதையும் மறுத்ததில்ல. சட்டையத் திருப்பிப் போட்டுவிட்டா அப்படியே நிக்கறாரு."

மிரா அக்காவின் முழுப்பெயர் ரெவ்மிரா இவானோவ்னா தீகாய். ரஷ்ய மொழியில் புரட்சியையும் உலகத்தையும் ஒன்றாகப் போட்டு அவள் அப்பா வைத்த பெயர். வயது எழுபத்தொன்று. அவள் அம்மா ஐந்து வயதில் எல்லாக் கொரியர்களோடும் அரசாங்க உத்தரவில் சரக்கு ரயிலில் ஏற்றப்பட்டு, ரஷ்யாவின் தூரக் கிழக்கிலிருந்து இந்தக் கசாக்கிய உப்புத் தரையில் இறக்கிவிடப்பட்டவள். முதல் குளிர்காலத்தை மண்ணில் குழி தோண்டி அதற்குள் கழித்தார்கள். எங்களைக் கொண்டுவந்து கொட்டுவதற்குப் பட்டியல் எழுதிய அன்றைக்கு ஒரு கைக்குழந்தைகூட விட்டுப்போகவில்லை. மருந்து கொடுக்கப் பட்டியல் எழுதும்போதுதான் எங்கள் கதவுகள் பூட்டியிருக்கின்றன.

பள்ளியில் மிரா அக்காவுக்குக் கணக்கு நன்றாக வரும். மேலே படிக்க ஆசைப்பட்டாள். அப்பா இறந்துபோனதால் பதினேழு வயதில் களைக்கொத்தைக் கையில் எடுத்தாள். இருபத்திரண்டில் கெராசிம் யுகாயைக் கட்டினாள். அவர் பம்பு மெக்கானிக், அதிகம் பேசாதவர். அவள் பேசுவாள், அவருக்கும் சேர்த்தே பேசுவாள். முப்பது வயதுக்குள் எங்கள் கூட்டத்துக்கே தலைவி ஆகிவிட்டாள். வாய்க்காலில் சேறு அடைத்துக்கிடக்கிறது என்று சொன்னதை நம்பாத கூட்டுப்பண்ணைத் தலைவரை, கோட்டும் டையுமாக வாய்க்காலுக்குள் இறக்கி, இடுப்பளவு சேற்றில் நடக்க வைத்தவள் அவள். மறுநாளே தூர்வார ஆள் வந்தது. நான் மார்ஸ் ஒகாய், அந்தக் கூட்டத்தின் லாரி ஓட்டுகிறவன். இருபது வருடமாக அவளிடம் திட்டு வாங்கியும் இன்னும் ஓட்டுகிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிரா அக்காவின் மகன் தென்கொரியாவில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை செய்கிறான். மகள் அல்மாட்டியில் இருக்கிறாள். வீட்டில் இவர்கள் இருவர்தான்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் கெராசிம் அண்ணன் வயலில் பம்பைப் பிரித்துப் போட்டுவிட்டு, பாகங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மாலைவரை உட்கார்ந்திருந்தார். கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்து மாட்டுகிற மனுஷன். அதற்குப் பிறகு மகளின் பெயர் போனது. அப்புறம் ரஷ்ய மொழி போனது. இப்போது அவர் வாயில் மிஞ்சியிருப்பது அவருடைய அம்மா பேசிய எங்கள் கொரியோ பேச்சு மட்டும்தான். மாவட்ட மருத்துவமனையில் காட்டினோம். "வயசாச்சு, வேற என்ன?" என்று சொல்லி வைட்டமின் எழுதிக் கொடுத்தார்கள்.

மிரா அக்கா அவரை வயலுக்கே கூட்டிவந்தாள். தூரத்திலிருந்தும் தெரியட்டும் என்று சட்டையின் முதுகில் சிவப்புத் துணியை ஒட்டுப்போட்டுத் தைத்தாள். வரிசையில் உட்கார்த்திவிட்டால் போதும், புல் எது வெங்காயம் எது என்று அவர் விரல்கள் தாமாகவே பிரித்துக்கொண்டு போகும். மதியம் சோறும் கீரை போட்ட சோயா ரசமும் சாப்பிட்டுவிட்டுக் குடிசையில் தூங்குவார். எழுந்ததும் மறுபடி வரிசைக்கு வருவார். ஓடிப்போகவில்லை, அழவில்லை. நோயாளியை இழுத்துக்கொண்டு அலைகிறாளே என்று சிலர் பேசினார்கள்.

"வீட்டுல வச்சா நோயாளி. இங்க வச்சா வேலையாளு. போயி உங்க வரிசையப் பாருங்க," என்றாள் அவள்.

டிசம்பரில் மாவட்டத் தலைநகர் கலாச்சார மாளிகையில் ஆய்வுக் குழுவின் கூட்டம். மிரா அக்கா, கெராசிம் அண்ணன் இருவரையும் லாரியில் உட்கார வைத்து, பனியில் வழுக்கி வழுக்கிப் போய்ச் சேர்ந்தேன். ரோடு எங்களுக்கும் வழுக்கத்தான் செய்தது. மேடையில் குழுவின் தலைவி டாக்டர் ஜன்னா எர்மெகோவ்னா, படங்களும் கோடுகளும் காட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நல்ல முகம். எனக்கு அதுதான் எரிச்சல். கெட்டவளாக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

கேள்வி இருக்கிறதா என்று கேட்டார்கள். மிரா அக்கா எழுந்தாள்.

"வெங்காயம் எந்த மாசம் களை எடுப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா, டாக்டரம்மா?"

அரங்கில் சிரிப்பு. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "மன்னிக்கணும், புரியல," என்றார்.

"நாங்க வயல்ல இருக்கற எட்டு மாசத்துல ஒரு மாசத்தப் பொறுக்கி எடுத்து, கதவத் தட்டிட்டு, மறுத்துட்டாங்கன்னு எழுதிட்டுப் போயிருக்கீங்க. கதவுதான் மறுத்துச்சு. நாங்க மறுக்கல. இதோ உக்காந்திருக்காரு, கெராசிம் யுகாய். எழுதிக்கோங்க."

டாக்டர் கீழே இறங்கி வந்தார். சேர்க்கைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, இப்போதே சோதித்துவிடலாம், முப்பதுக்குக் குறைந்தது பதினைந்து வாங்கினால் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அதற்கும் கீழே போனால் நோய் முற்றிவிட்டது என்று பொருளாம். முற்றியவர்களுக்கு இந்த ஆய்வில் இடமில்லை.

பின்னறையில் ரஷ்ய மொழியில் கேள்வி கேட்டார்கள். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மதிப்பெண். மிரா அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அவருகிட்ட இல்லாத பாஷையில கேட்டுட்டு பதில் வரலன்னா எப்படி? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

உடனே யாரையோ போனில் பிடித்தார்கள். நகரத்தில் கொரிய மொழி சொல்லிக்கொடுக்கும் பெண். அவள் பேசியது சியோல் கொரியம், பளிங்கு மாதிரி இருந்தது. அண்ணன் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "இந்த ரேடியோவ யாராச்சும் நிறுத்துங்க," என்றார்.

"நான் கேக்கறேன்," என்றாள் மிரா அக்கா. குடும்பத்தார் மொழிபெயர்க்கக் கூடாது, விதி என்றார்கள். "நான் சொந்தமில்ல. எனக்கும் இந்த அக்காவுக்கும் இருபது வருஷச் சண்டை," என்று நான் முன்னால் போனேன்.

என்ன பருவம் என்று கேட்கச் சொன்னார்கள். "பனி விழுந்தாச்சு, வெங்காயம் வித்தாச்சு," என்றார் அண்ணன். குளிர்காலம் என்ற சொல் வரவில்லையே என்றார் டாக்டர். வேறு எந்தக் காலத்தில் அம்மா பனி விழும் என்று நானே சத்தம் போட்டேன். மதிப்பெண் வந்தது. வயது கேட்டார்கள். "எழுபத்தேழு." பாஸ்போர்ட்டில் எழுபத்தைந்து. பேனா குறுக்குக்கோடு போடப் போனது.

"நில்லுங்க!" என்றாள் மிரா அக்கா. "வயித்துல இருந்த வருஷத்த எங்க சனம் கணக்குல சேக்கும். புது வருஷம் பொறந்தா இன்னொண்ணு சேக்கும். அவரு சொன்னது சரி. உங்க பாஸ்போர்ட்டும் சரி. தப்பு அந்தப் பேனா."

டாக்டர் அந்தப் பேனாவைத் தன் கையில் வாங்கினார். பிறகு கோட்டைப் போடாமல் மதிப்பெண்ணைப் போட்டார். மொத்தம் பதினேழு. ரஷ்ய மொழியில் முற்றிப்போயிருந்த மனுஷன், அரைமணி நேரத்தில் எங்கள் பேச்சில் முற்றாமல் திரும்பி வந்துவிட்டார். மிரா அக்கா என் முதுகில் ஒரு அறை வைத்தாள். அவள் சந்தோஷப்பட்டால் அப்படித்தான்.

சந்தோஷம் ஐந்து நிமிடம் நின்றது. அண்ணனின் மணிக்கட்டில் கடிகாரம் போல ஒரு பட்டையைக் கட்டினார்கள். அது அவர் தூக்கத்தையும் நடையையும் அளக்குமாம். வீட்டில் ஒரு பெட்டியைச் செருகி வைக்க வேண்டும், பட்டை தினமும் அதன் பக்கத்தில் படுக்க வேண்டும். வயல் குடிசையில் மின்சாரம் இல்லை, இணையம் இல்லை. எனவே பங்கேற்பாளர் பதிவான முகவரியில்தான் வசிக்க வேண்டும்.

"எட்டு மாசம் எங்க முகவரியே வயல்தான். அங்க வாங்க. நூத்தி எழுபது கிலோமீட்டர், பால்காஷ் ஏரிப் பக்கம். நான் சோறு போடறேன்," என்றாள் மிரா அக்கா.

"எங்க வண்டிக்கு மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதி இல்லைங்க, ரெவ்மிரா இவானோவ்னா."

"வேற வழி?"

"இல்லைங்க. பட்டை ரெண்டு வாரம் பெட்டியோட பேசலன்னா பேரு தானா விழுந்துடும்."

திரும்பும் வழி முழுவதும் மிரா அக்கா அண்ணனின் பட்டையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கள் ஊர் எல்லை வந்ததும், "இந்த வருஷம் கூட்டத்த நீ பாத்துக்க, மார்ஸ்," என்றாள். ஐம்பத்துநான்கு வருடத்தில் அவள் வயலுக்கு வராத முதல் வருடம். மாத்திரைக்காக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒரு டாக்டருக்காக. வேண்டாம் அக்கா என்று அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் முதல் வாரம் டாக்டர் வந்தார். பதினேழிலிருந்து குறையவில்லை என்று மகிழ்ந்தார். அடுத்த வாரம் நாங்கள் கிளம்பினோம். லாரியில் பாத்திரம் ஏற்றும்போதே கெராசிம் அண்ணன் தன் பையோடு வாசலில் வந்து நின்றுவிட்டார். மிரா அக்கா அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கண்ணாடியில் பார்த்தேன், ரோடு திரும்பும்வரை அங்கேயே நின்றார்.

ஏப்ரலில் மாவு வாங்க ஊருக்கு வந்தேன். தினமும் காலையில் அண்ணன் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார் என்றாள் மிரா அக்கா. ஒருநாள் தண்டவாளத்தின் ஓரமாக நடந்துபோய்விட்டாராம். பால் வண்டிக்காரன் பார்த்துக் கூட்டிவந்தானாம். அன்றிலிருந்து வாசல் கதவுக்குப் பூட்டு.

மே மாதம் வந்தபோது அவர் வாசலுக்கு வரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து விரலால் விரலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஒன்றும் பேசவில்லை. மிரா அக்கா இளைத்திருந்தாள்.

"பேச்சு நின்னுபோச்சு, மார்ஸ். அந்தப் பெட்டி மட்டும் ராத்திரியெல்லாம் பச்சை விளக்கு போட்டுக்கிட்டு நல்லாத்தான் இருக்கு."

"கிளம்பி வா அக்கா," என்றேன்.

"ஜூன்ல டாக்டர் வரட்டும். பாத்து ஏதாவது பண்ணுவாங்க," என்றாள். வாய்க்காலில் ஆளை இறக்கிய மிரா அக்கா அப்படிக் கெஞ்சலாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

ஜூன் பத்தாம் தேதி டாக்டர் ஜன்னா வந்தார். மொழிபெயர்க்க நானும் வந்திருந்தேன். கேள்விகளைக் கேட்டேன். நான் யார் என்று கேட்டதற்குக்கூட அண்ணன் பதில் சொல்லவில்லை. ஒன்பது மதிப்பெண். டாக்டர் பெருமூச்சு விட்டு, இந்த நோய் இப்படித்தான், எதிர்பார்த்ததுதான் என்று எழுதினார். பட்டை நன்றாக வேலை செய்கிறது, ஒருநாள்கூடத் தவறவில்லை, மாவட்டத்திலேயே நீங்கள்தான் சிறந்த பங்கேற்பாளர் என்று பாராட்டவும் செய்தார்.

மிரா அக்கா கேட்டாள். "முன்னாடி பகலெல்லாம் அவரு என்ன பண்ணிட்டு இருந்தாரு, இப்ப என்ன பண்றாரு. அத எழுத உங்க தாள்ல எடம் இருக்கா?"

டாக்டர் தாளைப் புரட்டிப் பார்த்தார். உண்மையாகவே தேடினார். "இல்ல," என்றார்.

"அப்ப நீங்க ஆராய்ச்சி பண்றது இவர இல்ல. எங்க வீட்டு முகவரிய." மிரா அக்கா அண்ணனின் கையைத் தூக்கி, பட்டையைக் கழற்றி, பெட்டியின் மேல் வைத்தாள்.

"விலகினா மறுபடியும் 'மறுப்பு'ன்னுதான் எழுத வேண்டியிருக்கும். மாத்திரையும் நின்னுடும்."

"எழுதுங்க. இந்தத் தடவைதான் அது உண்மை."

மறுநாள் விடிந்ததும் இருவரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போனேன். நான் தலைமை தாங்கிய லட்சணத்தில் களை முழங்கால் உயரம் நின்றது. மிரா அக்கா அதற்குக்கூட என்னைத் திட்டவில்லை. அண்ணனை ஒரு வரிசையின் தலைப்பில் கொண்டுபோய் நிறுத்தினாள். அவர் வெகுநேரம் வயலைப் பார்த்தார்.

"இது யாரு வயலு?" என்றார். ஒரு மாதத்துக்கு மேல் பேசாத வாய்.

"நம்ம வயலுங்க. உக்காருங்க."

உட்கார்ந்தார். கையை வைத்தார். வந்தது வெங்காயம். இரண்டாவதும் வெங்காயம். புல்லை அப்படியே விட்டுவிட்டு வெங்காயத்தை மட்டும் பிடுங்கி, மண்ணைத் தட்டி, ஒவ்வொன்றாக அவள் மடியில் வைத்தார். பதினெட்டுப் பேர் பார்த்தோம். பார்க்காதது போலக் குனிந்துகொண்டோம்.

மடியில் ஏழெட்டு சேர்ந்தபின் மிரா அக்கா எழுந்தாள். "மார்ஸ், அந்தம்மா நம்பரப் போடு."

கீழே சிக்னல் கிடைக்காது. எழுபத்தொரு வயதில் லாரியின் மேல் ஏறி நின்றாள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"ஜன்னா எர்மெகோவ்னா, ரெவ்மிரா பேசறேன். மார்ச்ல பதினேழு, ஜூன்ல ஒம்பது. நடுவுல போன எட்ட யாரு பேர்ல எழுதியிருக்கீங்க?"

"நோய் முற்றினதுன்னு எழுதியிருக்கேன்."

"அடிச்சிடுங்க. வயல்ல கெடந்த மனுஷன வீட்டுல வைக்கச் சொன்னீங்க. அது உங்க விதி எடுத்த எட்டு. உங்க பேர்ல எழுதுங்க."

"நோயும் காரணம்தாங்க. அது உங்களுக்கே தெரியும்."

மிரா அக்கா வரிசையைப் பார்த்தாள். அண்ணன் இன்னொரு வெங்காயத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"தெரியும். அப்ப இப்படி எழுதுங்க. நோய் பேர்ல நாலு. உங்க பேர்ல மூணு. வாசலப் பூட்டினது நான், என் பேர்ல ஒண்ணு."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"எழுதுங்க," என்றாள் மிரா அக்கா. "நான் லைன்லதான் இருக்கேன்."